ரவி வர்மா அச்சகம்: விற்பனை இருந்தும் கடன் ஏன்?

1890-ல் பரோடா அரண்மனைக்குப் புராணக் காட்சிகள் 14 வரைந்து கொடுத்ததற்காக ஓவியர் ராஜா ரவி வர்மாவுக்குக் கிடைத்த தொகை 50,000 ரூபாய். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் தன் பெயரிலேயே ஓர் அச்சகம் தொடங்கினார். 1900-களின் ஆரம்பத்தில் அதை விற்றார். எந்திரங்கள், படம் அச்சிட உதவும் லித்தோ கற்கள், 89 படங்களை அச்சிடும் உரிமை என்று எல்லாம் சேர்த்துக் கைக்கு வந்தது 25,000 ரூபாய். பதினான்கு கேன்வாஸுக்கு வாங்கியதில் பாதி.

இத்தனைக்கும் அந்த அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் அப்போதே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வாங்குவதற்கு ஆள் இல்லாமல் மூடிய தொழில் இல்லை இது. பிறகு ஏன் இப்படி ஆனது என்பதுதான் கேள்வி. “கலைஞனுக்கு வியாபாரம் வராது” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. ரவி வர்மா வியாபாரம் தெரிந்த ஆள். அவருக்குத் தெரிந்த வியாபாரம் வேறு, அச்சகம் கேட்ட வியாபாரம் வேறு.

கிளிமானூரிலிருந்து பரோடா வரை

1848 ஏப்ரல் 29-ல் திருவிதாங்கூரின் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாய்மாமன் ராஜ ராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் வரைபவர். பையனின் கையைப் பார்த்து முதலில் சொல்லிக்கொடுத்தவரும், 1862-ல் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் சேர்த்தவரும் அவர்தான்.

அரண்மனையில் ஏற்கெனவே ஓர் ஓவியர் இருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் அன்று மிகக் குறைவு. அந்த வித்தையை ஒரு போட்டியாளனுக்குக் கற்றுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்ற அளவுக்கு இறங்கிவந்தார். சாயத்தை எப்படிக் குழைக்கிறார், ஈரமான சாயத்தின் மேல் இன்னொன்றை எப்படி இழைக்கிறார் என்பதை ரவி வர்மா கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

சென்னைதான் அவரை வெளியுலகுக்குக் காட்டியது. 1873-ல் சென்னை ஓவியக் கண்காட்சியில் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த ஆண்டு ஒரு தமிழ்ப் பெண் வாத்தியம் வாசிக்கும் ஓவியம். அது பிறகு வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகப் போனது. 1876-ல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. அதை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவே வாங்கிக்கொண்டார்.

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு ஒத்துப்போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து வருத்தப்படாமல் ரவி வர்மா பெட்டியைக் கட்டினார். தம்பி சி. ராஜ ராஜ வர்மா கூடவே வந்தார். இவரும் ஓவியர், பின்னணியும் நிலக்காட்சியும் பல படங்களில் இவர் கை. இருவரும் ரயிலேறி பரோடா, மைசூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் போனார்கள். உருவப்படம் வரைவது, கூலி பேசுவது, அடுத்த ஊருக்கு அறிமுகக் கடிதம் வாங்குவது என்று வாழ்க்கை ஓடியது. கிளிமானூருக்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அங்கே தபால் நிலையமே திறந்தார்கள் என்பார்கள்.

பரோடா வேலை இந்த முறையின் உச்சம். ஒப்பந்தம் கிடைத்ததும் சகோதரர்கள் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். புராணப் பாத்திரங்களுக்கு எந்த உடை போட்டால் எல்லா ஊர்க்காரனும் தன்னுடையது என்று நினைப்பான் என்று பார்க்க. கடைசியில் நாயகிகளுக்குப் புடவையே நிலைத்தது. ஓவியங்கள் முடிந்ததும் நேராக அரண்மனைக்குள் கொண்டுபோய் மாட்டிவிடவில்லை. பொதுமக்கள் பார்க்கக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. ஓவியங்களின் புகைப்படப் பிரதிகள் நன்றாக விற்றன.

இந்தக் கடைசி விவரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அரண்மனைக்கு வரைந்த படத்தைத் தெருவில் போகிறவன் காசு கொடுத்து வாங்குகிறான் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்துவிட்டது.

மாதவ ராவின் யோசனை

படங்களை அச்சடித்து விற்கும் யோசனை அதற்கும் முன்பே வந்திருந்தது. சொன்னவர் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்துக்காரர், திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடாவிலும் திவானாக இருந்தவர். ரவி வர்மாவுக்குப் பரோடா கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான். உங்கள் படங்களுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், இரண்டு கைகளை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு வரைவீர்கள், தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் வண்ண அச்சு, போட்டு வாங்குங்கள் என்று அவர் கடிதம் எழுதினார்.

கவனியுங்கள்: அனுப்பி அச்சடித்து வாங்கச் சொன்னார். அச்சகம் வைக்கச் சொல்லவில்லை. மாதவ ராவ் சொன்ன வழியில் போயிருந்தால் போட வேண்டிய முதல் அச்சுக்கூலியும் கப்பல் கூலியும்தான். ரவி வர்மா எந்திரத்தையே இங்கே கொண்டுவந்தார். தரம் தன் கண் முன்னால் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். உள்நாட்டிலேயே செய்து காட்ட வேண்டும் என்ற வேகமும் அந்தக் காலத்தில் இருந்தது. முடிவின் நியாயம் எதுவானாலும், பின்னால் வந்த கஷ்டம் அத்தனைக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

1894-ல் பம்பாய் கிர்காமில் அச்சகம் தொடங்கியது. கூட்டாளி கோவர்தன்தாஸ் கடாவ் மக்கன்ஜி என்ற வணிகர். எந்திரங்களும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியிலிருந்து. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு: மேனகை குழந்தையை நீட்ட, விசுவாமித்திரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி.

சாமி படத்தை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்த முதல் ஆள் ரவி வர்மா என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். தவறு. கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் புனே சித்ரசாலா அச்சகமும் 1878 வாக்கிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டன. ஐரோப்பாவில் அச்சான இந்து தெய்வப் படங்களும் சந்தையில் இருந்தன. ரவி வர்மா காலியான மைதானத்தில் இறங்கவில்லை. ஏற்கெனவே கடை போட்டிருந்தவர்களின் நடுவில் விலை உயர்ந்த சரக்கோடு வந்து உட்கார்ந்தார்.

ஒரு லட்சுமி படம் அச்சாவது எப்படி

நஷ்டத்தைப் புரிந்துகொள்ள லித்தோ வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிய வேண்டும்.

அடிப்படை ஒரு கல். பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊர்ப் பக்கம் வெட்டியெடுக்கும், மிக நுண்ணிய சுண்ணாம்புக் கல். அதை மட்டமாகத் தேய்த்து, அதன்மேல் கொழுப்பு கலந்த மையால் படத்தை இடம் வலம் மாற்றி வரைவார்கள். பிசினும் கொஞ்சம் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்தால், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்; வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளி மையை ஏற்கும். ரோலரில் மை ஓட்டித் தாளை வைத்து அழுத்தினால் படம்.

இது ஒரு நிறத்துக்கான கதை. ஓலியோகிராஃபில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். லட்சுமியின் முகத்தில் இருக்கும் அந்த வெளிர் மாநிறம் எந்தக் கல்லிலும் கிடையாது. ஒரு கல்லில் மங்கிய மஞ்சள், இன்னொன்றில் இளஞ்சிவப்பு, அடுத்ததில் பழுப்பு, நிழலுக்கு ஒரு சாம்பல் நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கண்ணுக்குத்தான் அது தோலாகிறது. பத்துப் பன்னிரண்டு நிறம் என்றால் அத்தனை கல், ஒரே தாள் அத்தனை முறை எந்திரத்துக்குள் போய் வர வேண்டும். ஒரு முறை மயிரிழை விலகினால் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு நகர்ந்துவிடும். பம்பாய் மழைக்காலத்து ஈரத்தில் தாள் ஊதினால் கேட்கவே வேண்டாம். எல்லாம் ஒழுங்காக வந்தால், கடைசியில் வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் போல மினுக்குக் கொடுப்பார்கள்.

காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் இப்படி ஒரு பழைய லட்சுமியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். கன்னத்தில் கோடே இல்லை. கையால் வைத்த புள்ளிகள், சில பெரியவை, சில ஊசிமுனை அளவு, ஒழுங்கே இல்லாமல் நெருங்கியும் விலகியும். புடவை சிவப்பில் மட்டும் புள்ளிகள் மறையும்வரை அடர்ந்து கிடந்தன. கடைக்காரர் “அது ரவி வர்மா கை சார்” என்றார். இல்லை. ஓவியத்தைப் பார்த்து நிறம் நிறமாகப் பிரித்துக் கல்லில் புள்ளி வைத்தவர்கள் அச்சகத்தின் லித்தோ ஓவியர்கள். ரவி வர்மாவின் கை எண்ணெய் ஓவியத்தோடு நின்றுவிட்டது. நம் பூஜையறைகளில் தொங்கிய முகம் இன்னொருவர் மறுபடி வரைந்த முகம். இந்த விஷயம் பின்னால் அவருக்கே வினையானது.

பணம் எங்கே போனது

மேலே சொன்ன முறையிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு படத்துக்குப் பன்னிரண்டு கல் என்றால், அந்தப் படத்தை மறுபடி அச்சிடும் வாய்ப்பு இருக்கும்வரை அத்தனையும் அப்படியே முடங்கும். கல் இறக்குமதி, எந்திரம் இறக்குமதி, நல்ல மை இறக்குமதி, ஜெர்மன் ஆட்களுக்கு ஜெர்மன் சம்பளம். இவ்வளவையும் முதலில் போட்ட பிறகுதான் படம் ஒன்று கையில் வரும். பிறகு அது ஊர் ஊராகப் போய் விற்று, பணம் திரும்ப வேண்டும். ரவி வர்மாவுக்குப் பழகியிருந்த கணக்கு இதற்கு நேர் எதிர்: வாடிக்கையாளர் ஒருவர், அவர் ராஜா, விலை முன்பே பேசியது, சரக்கு ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கில் கெட்டிக்காரரான ஒருவருக்கு, முதலை முடக்கிவைத்துவிட்டுச் சில்லறையாகத் திரும்பி வருவதற்குக் காத்திருக்கும் தொழில் முற்றிலும் புதிது.

அடுத்தது கள்ளப் பதிப்பு. ஒரு படம் ஓடுகிறது என்று தெரிந்தால் வேறு அச்சகங்கள் அதைப் பார்த்து நாலைந்து நிறத்தில் அடித்து மலிவாக விட்டன. பன்னிரண்டு கல் செலவு இவருக்கு, விற்பனை அவர்களுக்கு. அன்றைய சட்டத்தில் படங்களுக்கு இருந்த பாதுகாப்பை வைத்துக்கொண்டு நாடு முழுக்கத் துரத்த முடியாது.

1896-ல் பம்பாயில் பிளேக். ஊரே காலியானது. தொழிலாளிகள் சொந்த ஊருக்கு ஓடினார்கள். ஆலைகளுக்கே ஆள் இல்லை, அச்சகத்துக்கு எங்கே வரும்? கூட்டாளியோடு உறவும் முறிந்தது. அச்சகம் முதலில் காட்கோபருக்கும், 1899-ல் லோனாவ்லாவுக்கு அருகே கார்லா குகைகள் பக்கமுள்ள மாளவ்லிக்கும் போனது. லித்தோ கற்களையும் எந்திரங்களையும் இரண்டு முறை இடம் மாற்றுவது என்றால் என்ன செலவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டிலேயே கடன் கழுத்துக்கு வந்துவிட்டது.

பிளேக்கைத்தான் முக்கியக் காரணமாகப் பலர் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். பிளேக் பம்பாயில் எல்லோரையும் அடித்தது; எழுந்து நின்றவர்களும் உண்டு. இந்த அச்சகத்தை எழுப்பி நிறுத்த முழுநேர முதலாளி இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது. ரவி வர்மா ஊர் ஊராக உருவப்படம் வரையப் போய்க்கொண்டிருந்தார். அச்சகத்தைப் பார்த்துக்கொண்டவர் தம்பி. அந்தத் தம்பிதான் ஓவியத்திலும் கூட்டு, பயணத்திலும் துணை, கடிதப் போக்குவரத்தும் அவர் தலையில். 1895 முதல் 1904 வரை ராஜ ராஜ வர்மா ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு கிடைக்கிறது. பயணமும் ஓவிய வேலையும் பிரபுக்களின் சந்திப்பும் நிறைந்த அந்த வாழ்க்கையில் அச்சகம் தீராத ஒரு தொல்லை. அச்சகத்தைக் காப்பாற்றப் பணம் வேண்டும், பணத்துக்கு உருவப்படம் வரைய வேண்டும், வரையப் போனால் அச்சகத்தைப் பார்க்க ஆள் இல்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர இருந்த ஒரே வழி விற்பது.

வாங்கியவர் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்.

விற்ற பிறகு ஓடிய அச்சகம்

அதே எந்திரம், அதே கல், அதே மாளவ்லி. ஷ்லைஷர் கையில் அச்சகம் பிழைத்துக்கொண்டது. அவர் மூன்று காரியம் செய்தார். ரவி வர்மா படங்களைத் தொடர்ந்து அச்சிட்டார். கூலி குறைவான வேறு ஓவியர்களை வைத்துப் புதுப் படங்கள் வரையவைத்து, அவற்றையும் ரவி வர்மா அச்சகத்தின் பெயரிலேயே விட்டார். முக்கியமாக, விளம்பரப் படம், லேபிள் என்று வணிக அச்சு வேலைகளை எடுத்தார். சாமி படத்தை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். லேபிள் கேட்கும் கம்பெனி மறுபடி மறுபடி வரும். சன்லைட் சோப்பு போன்ற சரக்குகளின் விளம்பரத்திலும் ரவி வர்மாவின் பெண்கள் வந்துசேர்ந்தார்கள். தாதாசாகேப் பால்கேயும் சினிமாவுக்கு வருவதற்கு முன் இந்த அச்சகத்துக்கு போட்டோ-லித்தோ (புகைப்பட முறையில் படத்தை அச்சுக்கு மாற்றும்) வேலை செய்து கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் ரவி வர்மாவே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். லேபிள் வேலை எடுத்திருக்கலாம். தனக்குக் கீழே நாலு பேரை வைத்துத் தன் பெயரில் சுமாரான படம் விடுவதற்கு அவர் சம்மதித்திருப்பாரா என்பது சந்தேகம். பெயரின் மதிப்பு அவருக்கு அரண்மனைகளில் வேண்டியிருந்தது. ஷ்லைஷருக்கு அந்தக் கவலை இல்லை.

1904-ல் பிரிட்டிஷ் அரசின் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வந்தது. 1905 ஜனவரியில் தம்பி இறந்தார். அதற்குப் பிறகு ரவி வர்மா தேறவில்லை, நீரிழிவும் இருந்தது. 1906 அக்டோபர் 2-ல் கிளிமானூரில் 58 வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே அடி விழத் தொடங்கியது. 1907-ல் மாடர்ன் ரிவ்யூ இதழில் கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமி அவருடைய ஓவியங்களைக் கடுமையாக விமர்சித்தார்: நாடகத்தனம், கற்பனைக் குறைவு, இந்தியப் பொருளுக்கு இந்திய உணர்வு இல்லை என்று. சகோதரி நிவேதிதாவும், தரையில் குப்புறப் படுத்துக் கடிதம் எழுதும் சகுந்தலை கண்ணியமாக இல்லை என்று எழுதினார். ஹேவலும் அவனீந்திரநாத் தாகூரும் வளர்த்த, ஐரோப்பிய பாணியை விட்டு இந்திய மரபுக்குத் திரும்பச் சொன்ன வங்காள பாணிக்கு ஒரு எதிரி தேவைப்பட்டது, ரவி வர்மா கிடைத்தார். விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பல புராணப் படங்களில் பாத்திரங்கள் மேடையில் நிற்கும் நடிகர்களைப் போலத்தான் நிற்கிறார்கள். ஆனால் அரண்மனைச் சுவரில் தொங்கும் எண்ணெய் ஓவியத்தை எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? வீட்டுக்கு வீடு தெரிந்த ரவி வர்மா, நாலு நிறக் கள்ளப் பதிப்பும், ஷ்லைஷரின் கூலி ஓவியர்கள் வரைந்ததும், சோப்பு விளம்பரமும் கலந்த ரவி வர்மா. காலண்டர் ஓவியர் என்ற ஏளனப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் பதினொரு பெண்கள் வாத்தியங்களோடு கூடியிருக்கும் ஓவியத்தின் முன் நின்றவர்கள் அந்த ஏளனத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பெண்ணின் உடையும் ஒரு ஊர், தோல் நிறமும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை.

இன்னொரு பக்கம், அச்சுப் படத்தின் சந்தை அவர் போட்ட பாதையிலேயே போனது. கோவில்பட்டியில் சி. கொண்டய்ய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான காலண்டர் தெய்வங்களில், நேருக்கு நேர் பார்க்கும் முகத்திலும் பட்டுப்புடவை மடிப்பிலும் மாளவ்லியின் சாயல் தெரிகிறது.

மாளவ்லி அச்சகம் 1972-ல் தீயில் எரிந்தது. எஞ்சியிருந்த பழைய அச்சுப் படங்களில் ஏராளமானவை அதில் போயின. அதே ஆண்டு வந்த தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டத்தின் கீழ் 1979-ல் ரவி வர்மாவின் ஓவியங்கள் தேசியக் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 2023-ல் மும்பை ஏலத்தில் யசோதையும் கிருஷ்ணனும் உள்ள ஓவியம் 38 கோடிக்குப் போனது.

அச்சுப் படங்களுக்கும் இப்போது விலை ஏறிவிட்டதால் போலிகள் தாராளமாக வருகின்றன. வீட்டில் தாத்தா காலத்துப் படம் இருக்கிறதா? முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள். மாளவ்லிக்குப் போன பிறகு அச்சானவற்றில் ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா என்று ஆங்கிலத்தில் இருக்கும். பம்பாயின் பெயர் இருந்தால் இன்னும் பழையது. பல படங்களில் சட்டம் போடும்போது அந்த ஓரத்தையே வெட்டியிருப்பார்கள், அதனால் எழுத்து இல்லை என்பதற்காகத் தூக்கிப்போட வேண்டாம். அடுத்து ஒரு பூதக்கண்ணாடி. புள்ளிகள் வரிசை பிடித்து, சின்னச் சின்ன வட்டங்களாக, எங்கும் ஒரே இடைவெளியில் நின்றால் அது பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. தாறுமாறாக இருந்தால் கல்லச்சு. ஜரிகையும் சமிக்கியும் ஒட்டித் தைத்த படமாக இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். அந்த நாளில் வீட்டுப் பெண்கள் செய்த அலங்காரம் அது, வாங்குகிறவர்கள் அதற்குத் தனி விலை கொடுக்கிறார்கள். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வார்னிஷ் மஞ்சளடித்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு மற்றதை யோசிக்கலாம்.